சாவிக்குக் கிடைத்த நல்ல பெயர்

ஒன்றரை வயதுக் குழந்தை. காலையிலிருந்து உடம்பு கதகதவென்று இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அனல் ஏறுகிறது. காய்ச்சல் மருந்து பாட்டிலைத் தேடித் தாய் அலமாரியைத் திறப்பதற்குள் குழந்தையின் கண் மேலே செருகிக்கொள்கிறது. பல் கிட்டிக்கொள்கிறது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. உதடு நீலம் பாய்கிறது. அலறல் கேட்டுப் பக்கத்துப் போர்ஷன்காரர்கள் ஓடிவருகிறார்கள். “சாவியக் குடு, சாவியக் குடு” என்று யாரோ கத்த, இன்னொருவர் பைக் சாவியைக் குழந்தையின் உள்ளங்கையில் திணித்து விரல்களை மடக்கிப் பிடிக்கிறார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இழுப்பு தளர்கிறது. குழந்தை ஒரு பெருமூச்சு விட்டுத் துவண்டு தூங்கிப்போகிறது. நல்லவேளை, சாவி இருந்தது என்று பேசிக்கொண்டே கூட்டம் கலைகிறது.

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து ஒரகடம் கூட்டுரோட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் இது அபூர்வமான காட்சி அல்ல. பைக் சாவிதான் புதிது. ஒரு தலைமுறைக்கு முன்னால் அது டிரங்குப் பெட்டிச் சாவி. அதற்கும் முன்னால், இரும்பு என்று கைக்கு எது அகப்பட்டதோ அது.

மருத்துவர்கள் இதைக் காய்ச்சல் வலிப்பு என்கிறார்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, மூளைக்குள் கிருமி எதுவும் புகாமலே காய்ச்சலோடு வரும் வலிப்பு. ஒன்றரை வயதை ஒட்டித்தான் அதிகம் வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு ஒருமுறையாவது வருகிறது. ஜப்பானில் இன்னும் கூடுதல். நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்துப் பிள்ளைகளிடம் எடுத்து 1997-இல் வெளியான ஆய்வில் 100-க்குச் சுமார் 10 என்று கணக்கு வந்தது. ஒருமுறை வந்த குழந்தைகளில் மூன்றில் ஒன்றுக்கு மறுபடியும் வரலாம். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், சாதாரணமாக வந்து போகும் காய்ச்சல் வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை, படிப்பைக் குறைப்பதில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில், யாரும் எதுவும் செய்யாமலே நின்றுவிடும்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வம்பு. தானாக நிற்கப்போகும் ஒன்றின் பக்கத்தில் எதை வைத்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். சாவிக்குக் கிடைத்தது. வெங்காயத்துக்குக் கிடைத்தது. மந்திரித்தவருக்கும் சூடு போட்டவருக்கும் கிடைத்தது. பிற்காலத்தில் மாத்திரைக்கும் கிடைத்தது. அதில் சில பட்டங்களைத் திரும்ப வாங்க மருத்துவ உலகத்துக்கே பல பத்தாண்டுகள் பிடித்தன.

ஸ்ரீபெரும்புதூருக்குப் பூதபுரி என்றொரு பழம்பெயர் உண்டு. சிவனிடம் சாபம் வாங்கிய பூதகணங்கள் இங்கே வந்து சாபம் நீங்கப் பெற்றன என்பது தலபுராணம். 1017-இல் ராமானுஜர் பிறந்த ஊர் என்பதால் வைணவர்களுக்குப் புண்ணியத் தலம். பெயரில் பூதம் இருப்பது தற்செயல்தான். ஆனால் குழந்தையின் உடம்பு திடீரென்று தூக்கித் தூக்கிப் போடுவதைப் பார்த்த எந்தக் காலத்து மனிதருக்கும் முதலில் தோன்றியது, வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து பிடித்துவிட்டது என்பதுதான். குழந்தைகளைப் பிடிக்கும் கிரகங்கள் ஒன்பது என்று சுஸ்ருத சங்கிதை எண்ணுகிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பது ஸ்கந்தன். ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே, அருணகிரிநாதர் பாடிய வல்லக்கோட்டையில், அதே முருகனிடம்தான் தாய்மார்கள் பிள்ளைக்கு நோய் தீர வேண்டிக்கொள்கிறார்கள். பிடிப்பவனும் அவனே, விடுவிப்பவனும் அவனே.

தமிழ் மருத்துவம் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தது. குழந்தை நோய்களுக்கென்றே இருக்கும் சித்த நூலான பாலவாகடம் மாந்தம், கணம், தோஷம் என்று வகைவகையாகப் பெயர் சொல்கிறது. செரிமானக் கேட்டில் தொடங்குவது மாந்தம். முற்றினால் சுரமும் வலிப்பும் வரும் என்பது வைத்தியர்களின் கணக்கு. கடும் சுரத்தில் நினைவு தப்புவது சன்னி. இன்றைக்கும் ஊர்ப்பக்கம் “ஜன்னி கண்டுடுச்சு” என்கிறார்களே, அந்தச் சொல்தான். காரணம் சொன்னதில் பிழை இருக்கலாம். சுரம், சின்ன வயது, வலிப்பு மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுப் பார்த்த கண்ணைக் குறை சொல்ல முடியாது.

வைத்தியர் வருவதற்கு முன்பே வீட்டில் உரை மருந்து தயாராக இருக்கும். வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் என்று ஒரு சிறு துணி முடிச்சு. குழந்தையைக் குளிப்பாட்டிய கையோடு பாட்டி உரைகல்லை எடுத்து, ஒவ்வொன்றையும் தாய்ப்பாலிலோ வெந்நீரிலோ இரண்டு சுற்று உரைத்து, விரலால் வழித்து நாக்கில் தடவுவார். வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே பெயர். பொழுது சாய்ந்தபின் அதைப் பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது என்பதால் ‘பேர் சொல்லாதது’ என்றும் ஒரு பெயர். வசம்பைத் துளையிட்டுக் கோத்த வளையலைக் குழந்தையின் மணிக்கட்டில் இப்போதும் பார்க்கலாம். அதற்கு மேல் தாயத்து. அதற்கும் மேல், சாயங்காலத் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஓதி ஊதட்டும் என்று பள்ளிவாசல் வாசலில் பிள்ளையோடு நிற்கும் தாய்மார் வரிசை. அந்த வரிசையில் மதம் பார்ப்பதில்லை.

இவ்வளவும் குழந்தையின் உடம்பைப் புண்ணாக்காதவை. சூடு போடுவது அப்படியல்ல.

சித்த மருத்துவம் சொல்லும் 32 வகைப் புற மருத்துவங்களில் சூடு போடும் சுட்டிகை ஒன்று. வைத்தியரின் கையில் அதற்கு இடமும் அளவும் உண்டு. கிராமத்து வாசலில் அது வேறு உருவம் எடுத்தது. மஞ்சள் கிழங்கை விளக்குச் சுடரில் கருக்கியோ, கம்பியைக் காய்ச்சியோ, இழுக்கும் குழந்தையின் நெற்றியிலும் வயிற்றிலும் வைப்பார்கள். வட்டத் தழும்போடு இன்றும் பெரியவர்கள் இருக்கிறார்கள்; ‘சின்ன வயசுல மாந்தத்துக்குச் சுட்டது’ என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். இந்த வழக்கம் இவ்வளவு காலம் நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. வலிப்பு நின்றதும் குழந்தை அயர்ந்து கிடக்கும். கூப்பிட்டால் பார்க்காது. உயிர் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். அந்த நேரத்தில் சூடு பட்டால் வீறிட்டு அழும். அந்த அழுகையைக் கேட்டுத்தான் வீடு மூச்சு விட்டது. பிள்ளை திரும்பி வந்துவிட்டதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? தீப்புண்ணில் சீழ் பிடித்ததும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் வீணானதும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

மேற்கு மட்டும் தெளிவாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். கடும் காய்ச்சலில் குழந்தைகளுக்கு வலிப்பு வரும், 7 வயது வரை எளிதில் வரும் என்று ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் நூலிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்தத் தெளிவைக் காப்பாற்றவில்லை. 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் வாராவாரம் அச்சிட்ட சாவுப் பட்டியல்களில் ‘வலிப்பு’ ஒரு தனித் தலைப்பு. குழந்தை எதனால் செத்தாலும் கடைசியில் இழுத்துத்தானே செத்தது, அதனால் அங்கே போட்டார்கள். ‘பல் முளைப்பு’ என்று இன்னொரு தலைப்பு. பல் முளைக்கும் வயதும் காய்ச்சல் வலிப்பு வரும் வயதும் ஒன்றாக இருந்ததால் பல்லின் மேல் பழி விழுந்தது. விக்டோரியா காலத்து மருத்துவர்கள் வலிப்பு வந்த குழந்தையைக் கடுகுத்தூள் கலந்த வெந்நீரில் இறக்கினார்கள். அதுவும் இரண்டு மூன்று நிமிடத்தில் பலன் தந்திருக்கும்.

ஏரியும் நெல்லுமாக இருந்த இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விட்டால் பட்டணம். செங்கல்பட்டில் மருத்துவக் கல்லூரி 1965-இல் வந்தது. சென்னையில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கு 1844 வரை போகும் வரலாறு உண்டு என்றாலும், அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு வந்தது 1948-இல். அதை உருவாக்கியவர் டாக்டர் எஸ்.டி. ஆச்சார். பிள்ளை என்பது சின்ன அளவில் இருக்கும் பெரியவர் அல்ல, அதற்குத் தனி மருத்துவம் வேண்டும் என்பதை இந்த நாட்டில் நிலைநாட்டிய முன்னோடிகளில் ஒருவர். அவர் பெயரில் வந்த பாடநூலைப் படித்துத்தான் பல தலைமுறைக் குழந்தை மருத்துவர்கள் தேறினார்கள். அந்தப் பிரிவே வளர்ந்து 1968-இல் எழும்பூர் ஹால்ஸ் ரோட்டில் தனிக் குழந்தைகள் மருத்துவமனையாக நின்றது. வட தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்கு அதன் முழுப்பெயர் தேவைப்படவில்லை. ‘எக்மோர் ஆஸ்பத்திரி’ போதும்.

அங்கே போனவர்கள் பயந்தது ஒன்றுக்கு: முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுப்பார்கள். எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று ஊரில் பேச்சு. மருத்துவர்களின் கவலை வேறு. காய்ச்சலோடு வரும் இழுப்பில் பெரும்பாலானவை சாது என்றாலும், நடுவில் ஒன்று மூளைக்காய்ச்சலாக இருந்துவிட்டால் நேரம் தவறக் கூடாது. முதுகுத்தண்டு நீரைப் பார்க்காமல் அந்தக் காலத்தில் வேறு வழியில்லை. அந்தக் கவலைக்கு இந்த மண்ணிலேயே காரணம் இருந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1955-இல், பக்கத்து வட ஆற்காட்டில், வேலூர்ப் பகுதியில்தான். வயல்நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. ஏரிப் பாசன நெல் நாட்டில், காய்ச்சலும் இழுப்புமாக வந்த பிள்ளையைப் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று சட்டென அனுப்பிவைக்க எந்த மருத்துவருக்கும் மனம் வராது.

மாத்திரையின் கதைக்கு வருவோம். பினோபார்பிட்டோன் 1912-இல் சந்தைக்கு வந்தது. நம் ஊரில் அதற்குக் ‘கார்டினால்’ என்று பெயர்; வலிப்புக்காரர் இருக்கும் வீட்டுக்கெல்லாம் தெரிந்த பெயர். காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைக்கும் அதைத் தினமும், வருடக் கணக்கில் கொடுத்தார்கள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வை வைத்து ஆய்வாளர்கள் நெல்சனும் எல்லன்பெர்க்கும் 1970-களில் எழுதிய கட்டுரைகள், சாதாரணக் காய்ச்சல் வலிப்பு பிற்காலத்தில் காக்காய் வலிப்பாக மாறும் ஆபத்து மிகக் குறைவு என்று காட்டின. 1980-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடும் எல்லாக் குழந்தைக்கும் தினசரி மாத்திரை வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்தது. 1990-இல் வந்த ஆய்வு கடைசி ஆணியை அடித்தது: இரண்டு வருடம் பினோபார்பிட்டோன் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண், கொடுக்கப்படாத குழந்தைகளைவிட 7, 8 புள்ளி குறைந்திருந்தது. சாவியால் அந்தக் கேடு இல்லை.

காய்ச்சல் மருந்துக்கும் இதே கதைதான், கொஞ்சம் மென்மையாக. பாராசிட்டமால் உடம்பு வலியைக் குறைக்கும், குழந்தை நிம்மதியாகத் தூங்கும். வலிப்பு வராமல் தடுக்குமா என்றால், தடுப்பதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. ஒரு வேளை மருந்து கொடுக்கத் தவறியதால்தான் பிள்ளைக்கு இழுத்தது என்று தன்னையே நொந்துகொள்ளும் தாய்க்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சொல்லாமல் மறைத்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. பெண் குழந்தைக்கு இழுப்பு வந்தால் “வெளியில் மூச்சு விடாதே” என்பதுதான் வீட்டுக் கட்டளை. நாளைக்குக் கல்யாணம் நிற்கும். சட்டமும் அதற்கு ஒத்து ஊதியது. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாகச் சொல்லப்பட்டிருந்த காக்காய் வலிப்பு, 1999-இல் வந்த திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. காய்ச்சல் வலிப்பு வேறு, காக்காய் வலிப்பு வேறு என்று பிரித்துப் பார்க்க ஊருக்கும் தெரியவில்லை, பயத்துக்கும் தெரியவில்லை. அதனால் மருத்துவரிடம் போக வேண்டிய பல குழந்தைகள் இரவோடு இரவாகப் பூசாரியிடம் போயின.

அந்தச் சட்டத் திருத்தம் வந்த சமயத்தில்தான் இந்த மண்ணின் முகமும் மாறத் தொடங்கியிருந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார் உருண்டது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-இல் மூடியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். பிறகு டெய்ம்லர் லாரிகள், ராயல் என்ஃபீல்டு புல்லட்டுகள், சுங்குவார்சத்திரத்தில் செல்போன்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதியே திறந்தார்கள். நெல் விளைந்த நிலத்தில் வரிசை வரிசையாக ஒற்றை அறைப் போர்ஷன்கள் முளைத்தன. வேலைக்கு வந்தவர்கள் அங்கேயே கல்யாணம் முடித்துக் குடும்பம் வைத்தார்கள். விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் பாட்டிகள் நின்றுவிட்டார்கள். உரைகல்லும் அவர்களோடு நின்றுவிட்டது.

தாய் தனியாக இருக்கிறாள். தந்தை பி ஷிஃப்ட். பல ஆலைகளில் கைபேசியை லைனுக்குக் கொண்டுபோக முடியாது, அது லாக்கரில் கிடந்து அடித்துக்கொண்டிருக்கும். அப்போது பாட்டியின் இடத்துக்கு வருபவர் வீட்டுக்கார அம்மா. நிலத்தைக் கொடுத்துவிட்டு வாடகையில் வாழும் உள்ளூர்க்காரர். மொழி தெரியாத பீகாரிப் பெண்ணின் குழந்தைக்கும் சாவியைக் கையில் வைத்து அழுத்துபவர் அவர்தான். அந்தப் பெண்ணுக்குச் சாவி புதுசு. அவள் ஊரில் செருப்பை முகரவைப்பார்கள். வடக்கே செருப்பு, தெற்கே சாவி. நிற்பதற்கு ஆகும் நேரம் ஒன்றுதான்.

அவளுடைய பயத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். பீகாரில் குழந்தை இழுப்பைச் ‘சம்கி’ என்பார்கள். முசாபர்பூர் பக்கத்தில் சம்கிக் காய்ச்சல் என்றால் சாவு என்று பொருள். லிச்சிப் பழக் காலத்தில், 2014-இல் மட்டும் அங்கே இரண்டு மருத்துவமனைகளில் 390 குழந்தைகள் சேர்க்கப்பட்டு 122 பேர் இறந்தார்கள். இரவு சாப்பிடாமல் படுத்த குழந்தைகளின் இரத்தத்தில் சர்க்கரை அடியோடு விழுந்திருந்தது. லிச்சியில் உள்ள நச்சு அதற்குத் துணைபோனது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். 2019-இல் மறுபடி நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் போயின. அப்படி ஓர் ஊரிலிருந்து வந்தவளிடம், இது பயப்படும் இழுப்பு அல்ல என்று மொழிபெயர்த்துச் சொல்ல ஆஸ்பத்திரியில் ஒருவர் வேண்டும். இந்தி தெரிந்த நர்ஸ் இங்கே மருந்தைவிடப் பெரிய மருந்து.

மாற்றம் இல்லாமல் இல்லை. 2008 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. நீண்ட வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் மருந்தும் வந்துவிட்டது. பக்கத்துத் தண்டலத்திலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சூடு போடுவது பெருமளவு குறைந்துவிட்டது. சாவி போகவில்லை, சினிமாவும் சேர்ந்து அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இரும்புக்கும் இழுப்புக்கும் உண்மையிலேயே ஓர் உறவு இருக்கக்கூடும் என்பதுதான் வேடிக்கை. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைகளிடம் காய்ச்சல் வலிப்பு கூடுதலாகக் காணப்படுவதாக இந்தியாவிலும் வெளியிலும் பல ஆய்வுகள் சொல்கின்றன. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்துக்கு இரத்தசோகை. கையில் திணிக்கும் இரும்பைச் சோற்றில் போட்டிருக்கலாம்.

இழுப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துத் தரையில் படுக்கவையுங்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். முதல் முறை என்றால், நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலோ, நின்றபின் குழந்தை தெளியாமல் கிடந்தாலோ, கழுத்து விறைத்தாலோ உடனே 108. கூப்பிடும்போது பக்கத்துக் கம்பெனியின் பெயரையும் எந்த கேட் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரகடம் பக்கத்து லைன் வீடுகள் பலவற்றுக்குத் தெருப்பெயர் கிடையாது.